பாக்கி அவர்களுடையது, சிபில் நம்முடையது

தூத்துக்குடியில் லாரித் தொழில் செய்கிறவரிடம் நிலவரம் கேட்டால் டீசல் விலையைப் பற்றியோ கண்டெய்னர் வரத்தைப் பற்றியோ முதலில் பேசமாட்டார். "ஃபிரைட் பாக்கி நிக்குது அண்ணாச்சி" என்பார். சரக்கு போய்ச் சேர்ந்தாயிற்று, பில்லும் போட்டாயிற்று, பணம்தான் வரவில்லை. டீசல், ஃபாஸ்டேக், டிரைவர் பேட்டா, டயர் எல்லாவற்றுக்கும் அன்றன்றைக்குக் காசு வேண்டும். வாடகை மட்டும் 60 நாள், 90 நாள் கழித்து வரும். கஸ்டம்ஸ் ஏஜெண்டுகளின் பாடும் இதுதான். இறக்குமதியாளருக்காகத் துறைமுகக் கட்டணத்தையும் கப்பல் கம்பெனிக் கட்டணத்தையும் கைக்காசைப் போட்டுக் கட்டிச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு அந்தக் காசைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். "பில் இன்னும் பாஸாகலை" என்பதுதான் மறுமுனையில் எப்போதும் கிடைக்கும் பதில்.

இந்த இடைவெளியைக் கைமாற்றும் நாள்வட்டியும் நிரப்பிய காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் அவற்றோடு இப்போது கடன் அட்டையும் சேர்ந்துகொண்டது. 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட், உத்யம் தளத்தில் பதிவுசெய்த குறுந்தொழில்களுக்கு ரூ.5 லட்சம் வரம்புள்ள தனிக் கடன் அட்டை தரப்படும் என்றது. முதல் ஆண்டிலேயே 10 லட்சம் அட்டைகள் என்பது இலக்கு. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அடமானம் கேட்காமல் வங்கி ஒரு சிறு முதலாளியிடம் ஐந்து லட்சத்தை நம்பிக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அட்டை தனியாக வருவதில்லை. அதன் ஒவ்வொரு மாதக் கணக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே எழுதப்படும் வரலாறுதான் நாளைக்கு லாரி வாங்கவோ, ஷெட் போடவோ, ஓ.டி. வரம்பை உயர்த்தவோ போகும்போது மேசையில் விரிக்கப்படும். அட்டையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்த வரலாற்றை யார் எழுதுகிறார்கள், யாரைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள் என்ற கேள்வியை அதிகம் பேர் எழுப்பவில்லை.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது 2000இல் தொடங்கப்பட்ட சிபில் என்பதால் ஊர் வழக்கில் எல்லாமே சிபில்தான். இவற்றுக்கென்று 2005இல் ஒரு சட்டம் வந்தது. தனிநபருக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண். நிறுவனத்துக்கு வேறு அளவுகோல்: சிபில் தரும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தரவரிசை 1 முதல் 10 வரை ஓடும், 1 என்றால் ஆபத்து மிகக் குறைவு. இரண்டும் வெவ்வேறு அறிக்கைகள் என்பதே பல முதலாளிகளுக்குத் தெரியாது. சொந்தப் பெயரில் ஒற்றை உரிமையாளராகத் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்தும் பெரிய பயனில்லை. கடையும் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜின் தவணை தவறினால் லாரிக் கடனுக்கு அடி. லாரிக் கடன் தவறினால் மகளின் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகும் இடத்தில் அடி. மைத்துனருக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் இவருடைய அறிக்கையில் ஏறியிருக்கும்.

விதிகள் மேலும் மேலும் நுட்பமாகிக்கொண்டே வருகின்றன. அட்டைத் தொகை கெடு தேதியைத் தாண்டி மூன்று நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அதைத் தவறிய கணக்காகத் தெரிவிக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. வங்கிக் கடனில் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று படிப்படியாக முத்திரை விழும். 90ஐத் தாண்டினால் அது வாராக் கடன். முன்பு மாதம் ஒருமுறை போன தகவல், 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகத் தொடங்கியது. அடைத்த கடன் சீக்கிரம் அறிக்கையில் தெரியும் என்பதால் இது கடனாளிக்கும் நல்லதுதான். தவறிய கடனும் அதே வேகத்தில் தெரியும்.

இந்தக் கடற்கரையின் வருமானமோ பதினைந்து நாள் கணக்கில் ஓடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நின்றால் படகுக்காரருக்கு மட்டும் வருமானம் போகாது. ஐஸ் கம்பெனி, வலை தைக்கிறவர், மீன் ஏற்றும் குட்டி யானை வேன், டீசல் பங்க், மீன்பிடித் துறைமுகத்து டீக்கடை எல்லாமே பாதி மூச்சில் ஓடும். தடைக்காலத்தில்தான் எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதும் பலகை மாற்றி வர்ணம் அடிப்பதும் நடக்கும். அதாவது வரவே இல்லாத இரண்டு மாதத்தில்தான் பெருஞ்செலவு.

உப்பளத்தில் கணக்கு இன்னும் கடுமை. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடியைச் சுற்றிய அளங்களில் விளைகிறது. வெயில் காலம்தான் விளைச்சல் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் நிற்பது மழைத் தண்ணீர்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்து கடலுக்கே போனது. அந்த மாதத்துத் தவணைத் தேதி மட்டும் கரையவில்லை.

நெல் விவசாயிக்கு வங்கி விதி வேறு கண் வைத்திருக்கிறது. குறுகியகாலப் பயிருக்கு வாங்கிய கடன், தவணை தப்பி இரண்டு சாகுபடிப் பருவம் கடந்தால்தான் வாராக் கடனாகும். வயலில் பணம் பருவத்துக்குத்தான் விளையும் என்று ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். அளத்திலும் பணம் பருவத்துக்குத்தான் விளைகிறது. ஆனால் உப்பு விவசாயமாகாது, தொழில். ஆகவே 90 நாள். மண்ணில் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சி வெயிலுக்குக் காத்திருக்கும் ஒரு வேலை எந்த வகையில் தொழிற்சாலை என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

தூத்துக்குடியைப் பற்றி எழுதினால் வ.உ.சி.யின் கப்பலைத் தொடாமல் முடிக்கக் கூடாது என்பது எழுதாத விதி. இந்த ஒருமுறை அதை மீறிவிட்டு முத்துக்குப் போகிறேன், ஏனென்றால் கடனுக்கும் பருவத்துக்கும் உள்ள உறவை இந்தக் கடல் நெடுங்காலம் முன்பே தீர்த்து வைத்திருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து, ஏப்ரல் முழுவதற்கும் மே பாதி வரைக்கும் குளியாட்களைப் பேசி அமர்த்துவார்கள். கிடைத்ததில் பத்தில் ஒன்று அரசனுக்கு. சுறாமீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒன்று. அந்தக் காலத்து இன்சூரன்ஸ் பிரீமியம் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பருவத்துக்கென்று முதல் சேர்ந்தது, பருவம் முடிந்ததும் கணக்கு முடிந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் குளியாளுக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு; மற்றதை அரசு ஏலம் விட்டது. இங்கே கவனிக்க வேண்டியது ஏலத்துக்கு முன்னால் நடந்த வேலை. கடலடியில் சிப்பி விளையும் பார்களில் ஆட்களை இறக்கிப் பார்த்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து அறுத்து, முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை தேறும் என்று அரசே அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் வணிகர்கள் பணத்தோடு வந்தார்கள். அதுவும் ஒரு கடன் அறிக்கைதான். ஆனால் அது குளிக்கிறவனின் பழைய தவறுகளை ஆராயவில்லை, கடலில் என்ன இருக்கிறது என்று சொன்னது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிப் பெரு முத்துக்குளிப்பு நின்றுபோனது. திரேஸ்புரத்தில் இன்றும் சங்குகுளி நடக்கிறது. வியாபாரி தரும் முன்பணத்தில் கடலுக்குப் போவதும், எடுத்ததை அவரிடமே கொடுத்துக் கழிப்பதும் இந்தக் கரையில் இன்னும் மாறவில்லை.

பழைய முறை பொன்னானது என்று சொல்ல வரவில்லை. முன்பணம் வாங்கியவர் விலை பேசும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். ஆள் தெரிந்து கடன் கொடுத்த காலத்தில் ஆள் தெரியாதவருக்குக் கடன் இல்லை. 1921இல் இந்த ஊர் வணிகர்கள் சேர்ந்து நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. இன்றும் தலைமையகம் இங்கேதான். தங்களுக்குள் ஒருவரையொருவர் அறிந்த ஒரு சமூகம் அந்த அறிமுகத்தையே மூலதனமாக்கியது என்பது பெரிய சாதனை. அப்படி ஒரு வலை அமையாதவர்களுக்கு, உப்பளத்தில் உழைத்துச் சேர்த்த காசில் சிறு கடை போட நினைக்கும் பெண்ணுக்கு, எண்ணால் அளக்கும் சிபில் ஒருவகையில் விடுதலைதான். அது சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. முதன்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆகவே மதிப்பெண்ணோடு எனக்குச் சண்டையில்லை. அதில் ஒரு பக்கம்தான் எழுதப்படுகிறது என்பதே வழக்கு.

மறுபக்கமும் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்ற பட்டு வணிகர் 1841இல் வணிகக் கடன் தகவலுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1837ஆம் ஆண்டு நெருக்கடியில் தன் கடையே கவிழ்ந்த அனுபவம் அவருக்கு உண்டு. ஊருக்கு ஊர் வக்கீல்களை நியமித்து, எந்த வணிகர் பணம் ஒழுங்காகத் தருகிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று எழுதி வாங்கினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனும் அப்படிக் குறிப்பு எழுதியவர்தான். அந்த நிறுவனத்தின் வாரிசுதான் இன்றைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட். அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களுக்கு அது நிறுவனங்களுக்குத் தரும் 'டன்ஸ்' அடையாள எண் பழக்கமான ஒன்று. அந்த நிறுவனம் போடும் வணிக மதிப்பெண், சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு கம்பெனி எத்தனை நாளில் பணம் தந்தது என்பதை வைத்துப் போடப்படுகிறது. 80 என்றால் கெடுவுக்குள் தருகிறவர். அதாவது அங்கே சப்ளையர்தான் பேனாவைப் பிடித்திருக்கிறார். பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் தாங்கள் சப்ளையர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறோம் என்று ஆண்டுக்கு இருமுறை பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

நம்மிடம் பேனா வங்கிகள் கையிலும் நிதி நிறுவனங்கள் கையிலும் மட்டும் இருக்கிறது. தூத்துக்குடி லாரிக்காரர் அட்டைக் கணக்கை நான்கு நாள் தாமதித்தால் அது பதிவாகிறது. அவருக்கு வாடகை தர வேண்டிய பெரிய கம்பெனி நான்கு மாதம் தாமதித்தால் அதன் கடன் அறிக்கையில் ஒரு கீறல்கூட விழாது. அந்தக் கம்பெனி வங்கிக்குத் தவறாமல் கட்டியிருக்கும். ஏன் கட்டாது? லாரிக்காரரின் பணத்தைத்தான் நான்கு மாதம் வட்டியில்லாமல் சுழற்றிக்கொண்டிருக்கிறதே. முதல் தரத்து ரேட்டிங்கும் அதற்குக் கிடைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாதம் இருபது லோடு கொடுக்கிற கம்பெனி மீது வழக்குப் போட்டு மும்மடங்கு வட்டி வாங்கிய லாரிக்காரருக்கு இருபத்தோராவது லோடு யார் கொடுப்பார்கள்? வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவுக்குள் புது உட்பிரிவு வந்து, கெடுவுக்குள் தராத பாக்கியை அந்த ஆண்டுச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்றாக்கினார்கள். உடனே, உத்யம் பதிவில்லாத சப்ளையர்களைச் சில பெரிய நிறுவனங்கள் தேடுகின்றன என்ற புகார் 2024இல் எழுந்தது. பில்லை ஏலத்தில் தள்ளுபடி செய்து உடனே பணம் பெறும் 'டிரெட்ஸ்' தளங்களில், ரூ.250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் சேர்வது கட்டாயமாகிவிட்டது. சேர்வதுதான் கட்டாயம். தளத்தில் சப்ளையரின் பில்லை ஒப்புக்கொள்வது இன்னும் அவர்கள் மனசுதான்.

எனக்கு ஆச்சரியம் தருவது இன்னொன்று. 45 நாளுக்கு மேல் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆண்டுக்கு இருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்திடம் ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். 2019 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எந்தச் சப்ளையருக்கு, எவ்வளவு பாக்கி, ஏன் தாமதம் என்று அதில் எழுத வேண்டும். ஆக, யார் இழுத்தடிக்கிறார்கள் என்ற தகவல் அரசிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததும் இழுத்தடித்தவர்களே. ஆனால் அந்தப் படிவம் ஒரு கட்டடத்தில் கிடக்கிறது, கடன் அறிக்கை வேறொரு கட்டடத்தில் தயாராகிறது.

இந்த நிலையில் ஐந்து லட்ச அட்டை என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லாரிக்காரர் டீசலுக்கும் டயருக்கும் ரூ.2 லட்சம் தேய்க்கிறார். வட்டியில்லாக் காலம் அதிகபட்சம் 45, 50 நாள். வாடகையோ 90 நாளில் வருகிறது. கெடுவுக்குள் முழுத்தொகையும் கட்டாவிட்டால் வட்டி, தேய்த்த நாளிலிருந்தே ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்பது சந்தையில் சாதாரணம். மூன்று மாதத்துக்கு ரூ.21,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ரூ.24,780. பத்து சதவீதத்துக்கு மேல் போகிறது. லாரித் தொழிலில் அவ்வளவு மிச்சமா நிற்கிறது? அட்டை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. உச்சவரம்பு இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகிறவரின் பெயர் அறிக்கையில் கெடாது, முதல்தான் கரையும். அதையும் கட்ட முடியாதபோது ஒரு கார்டைத் தேய்த்து இன்னொன்றைக் கட்டும் ரொட்டேஷன் ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று சதவீதக் கமிஷனுக்குக் கார்டைத் தேய்த்து ரொக்கம் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

குறுந்தொழில் அட்டையைச் சாதாரண அட்டையின் அச்சில் வார்த்தால் நடக்கப்போவது இதுதான். அதன் வட்டி ரொக்கக்கடன் வட்டியை ஒட்டி இருக்க வேண்டும். ஓ.டி., ரொக்கக்கடன் வரம்போடு இணைத்தே வணிக அட்டை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதியே அனுமதிக்கிறது. வங்கிகள் அந்த வழியில் போகட்டும். மீன்பிடித் தொழிலைச் சார்ந்தவர்களுக்குத் தடைக்காலத்திலும், உப்பளக்காரர்களுக்கு மழைக்காலத்திலும் தவணை தள்ளி வைக்கப்பட வேண்டும். அப்படித் தள்ளிய தவணை, தவறிய தவணையாகப் பதிவாகக் கூடாது. சலுகை என்று இதை யாரும் நினைக்க வேண்டாம், நெல்லுக்குச் செய்திருப்பதுதான். கம்பெனி விவகார அமைச்சகத்துப் படிவம் கடன் தகவல் நிறுவனங்களுக்கு நேரே போய், பாக்கி வைத்த கம்பெனியின் தரவரிசையில் ஏற வேண்டும். சப்ளையர் புகார் கொடுக்கத் தேவையில்லை, முகத்தைக் காட்டத் தேவையில்லை, அடுத்த லோடும் கைவிட்டுப் போகாது. ரேட்டிங் ஒரு படி இறங்கினால் பெரிய கம்பெனியின் கடன் வட்டி கூடும். அப்போது பில் தானாகப் பாஸாகும்.

தொழில் செய்கிறவர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தனிநபர் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை நான்கு நிறுவனங்களும் இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். இந்த இலவச உரிமை தனிநபர்களுக்கென்று எழுதப்பட்டது. அதை நிறுவன அறிக்கைக்கும் நீட்டிக்கும்படி தூத்துக்குடியின் வணிகச் சங்கங்கள் ரிசர்வ் வங்கிக்கு எழுத வேண்டும். அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா, அடைத்த கடன் இன்னும் திறந்து கிடக்கிறதா, முழுதும் கட்டிய கணக்கு 'செட்டில்டு' என்று போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைத்துப் பேசி முடித்த கடனுக்குத்தான் அந்தச் சொல்; அதைப் பார்த்ததும் அடுத்த வங்கி பின்வாங்கும். தவறு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது.